யஸ்த் ஊர் கொத்தாப்: பெட்டி வாங்கும் முன் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்

ஈரானில் யஸ்த் நகரத்துக்குப் போகிறவர்கள் எப்படியும் அமீர் சக்மாக் சதுக்கத்துக்குப் போவார்கள். அங்கேதான் ஹாஜி கலீஃபே ரஹ்பர் இனிப்புக் கடை. நூறு வருஷத்தைத் தாண்டிய கடை, கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. பக்லாவா, பஷ்மக் என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறார்கள். நான் போனது கொத்தாப்புக்காக.

ஒரே வாயில் போடுகிற அளவு உருண்டை. மேலே வெள்ளை வெளேர் என்று சர்க்கரைத் தூள். நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்: மாவுக்குள் பூரணம், எண்ணெயில் பொரிப்பு. ஆனால் மாவைத் தயிரும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துப் பிசைகிறார்கள். அதனால் மொறுமொறுவென்று உடையாமல், கடித்ததும் மெத்தென்று உதிர்கிறது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். தோல் மெல்லிசு, உள்ளே முழுக்கப் பாதாம் பொடி. ஏலக்காய் வாசனை முதலில் மூக்கில் ஏறி, அப்புறம்தான் இனிப்பு நாக்குக்கு வருகிறது. பூரணத்தில் சர்க்கரையை அடக்கி வாசித்திருக்கிறார்கள். மேலே அப்பியிருப்பது அதற்கு ஈடுகட்டுகிறது. உருண்டை வெதுவெதுப்பாக இருக்கும்போதே தூளில் புரட்டினால்தான் இப்படி ஒட்டும். ரொம்பச் சூடாக இருந்தால் சர்க்கரை உருகிப் பிசுபிசுத்துவிடும், ஆறிவிட்டால் ஒட்டாமல் உதிரும்.

எல்லாக் கடையிலும் இப்படிக் கிடைக்காது. வேறொரு கடையில் அழகான தகர டப்பாவில் வாங்கியதில் தோல்தான் தடிமன், பாதாம் பேருக்கு. கூடவே சிக்கு வாசனை. எண்ணெய்ப் பண்டம், உள்ளே கொட்டைப் பருப்பு. நாள்பட்டால் காறல் அடிக்கத்தான் செய்யும். அதனால் டப்பாவைப் பார்த்து மயங்காமல் ஒன்றைச் சுவைத்துவிட்டு வாங்குங்கள். பாதாமுக்குப் பதில் அக்ரூட் வைத்துச் செய்வதும் உண்டு. எனக்கு அந்த லேசான கசப்பு இந்த மாவோடு ஒட்டவில்லை.

நம் ஊர் வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது, ரொக்கம்தான். விலையைத் தோமானில் சொல்வார்கள்; நோட்டில் இருப்பது ரியால். பத்து ரியால் ஒரு தோமான், பதறாமல் எண்ணிக் கொடுங்கள். மதியம் பல கடைகளுக்கு ஓய்வு நேரம், சாயங்காலம் போவது உத்தமம்.

சர்க்கரை போடாத கட்டன் சாயாவோடு இரண்டு உருண்டை போதும், மூன்றாவது திகட்டும். சாப்பிடும்போது தூள் மேலே சிந்தும், கறுப்புச் சட்டை மட்டும் வேண்டாம். ஊருக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பெட்டியைப் படுக்கைவாக்கில் வையுங்கள். சாய்ந்தால் தூள் முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விடும்.