மேக்லாங் ரயில் சந்தை: டூர் வேனில் ஒரு தடவை, 10 பாட் ரயிலில் ஒரு தடவை

தண்டவாளத்து மேலேயே மீன், காய்கறி எல்லாம் பரப்பி வைத்து விற்பார்கள், ரயில் வரும்போது பந்தலை மடக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள், ரயில் போனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி விரிப்பார்கள். இந்த வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒரு தடவையாவது வந்திருக்கும். எங்கள் குரூப்பில் நாலு தடவை வந்தது, அதில் ஒரு தடவை "சீனாவில் அதிசயம்" என்று. சீனா இல்லை, தாய்லாந்து. பாங்காக்கிலிருந்து தென்மேற்கே 70, 80 கிலோமீட்டர் போனால் சமுத் சொங்க்ராம் என்று ஒரு ஊர் (சமுத் என்றால் நம்ம சமுத்திரமேதான்), அங்கே மேக்லாங் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது இந்தச் சந்தை. உள்ளூர்க்காரர்கள் இதை தலாத் ரொம் ஹுப் என்கிறார்கள், குடை மடக்கும் சந்தை என்று அர்த்தம்.

அந்த நாலு தடவையில் மூன்று தடவை அனுப்பியது எங்கள் அம்மா. அதனால் அம்மாவோடு பாங்காக் போய்விட்டு இதைப் பார்க்காமல் திரும்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள் என்று தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை போனோம். முதல் தடவை போன விதம் அப்படி, அதனால்தான் இரண்டாவது தடவை.

முதல் தடவை டூர் வேன். ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் புக் செய்தது, பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் அதே மாதிரி பத்துக் கடை இருக்கிறது. ஆளுக்கு 900 பாட் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்), ரயில் சந்தையும் மிதக்கும் சந்தையும் சேர்த்து. காலை 6.30க்கு ரெடியாக இருங்கள் என்றார்கள், வேன் வந்தது 7.20க்கு, அப்புறம் இன்னும் நாலு ஹோட்டல் வாசலில் நின்று நின்று ஆள் ஏற்றி, டிராஃபிக்கில் மாட்டி, மேக்லாங்கில் இறங்கும்போது 10.50. ரயில் வருவது 11.10க்கு. கைடு எங்களை நேராக ஒரு ஜூஸ் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நிற்க வேண்டுமென்றால் ஏதாவது வாங்கிக் குடிக்க வேண்டுமாம். 80 பாட்டுக்கு ஒரு தர்பூசணி ஜூஸ் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், ரயில் வந்தபோது நான் பார்த்தது முன்னால் நின்றவர்களின் செல்போன்களை. அந்த செல்போன் திரைகளில் ரயில் தெரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரயில் தாண்டிய அடுத்த நிமிடம் கைடு கொடியைத் தூக்கிவிட்டார். "இதுக்கா இவ்ளோ தூரம்? இத நான் வீட்லயே பாத்துட்டேனேடா" என்றாள் அம்மா.

அடுத்து தம்னொன் சாதுவக் மிதக்கும் சந்தை. 1860களில் மன்னர் மோங்குட் காலத்தில் வெட்டிய 32 கிலோமீட்டர் கால்வாய், மேக்லாங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைப்பது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேன் நின்றதோ சந்தைக்கு எங்கேயோ முன்னால் ஒரு தனியார் படித்துறையில். படகுக்குத் தனிக் காசு. உள்ளே போனால் இரண்டு பக்கமும் யானைப் படம் போட்ட பேன்ட், சோப்பு, காந்த பொம்மை. "ஆத்துக்குள்ள பாண்டி பஜார்" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். இந்த டூருக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரையும் டிரைவர் நிதானமாக ஓட்டியதற்காக.

இரண்டு நாள் கழித்து நாங்களாகவே கிளம்பினோம். பாங்காக்கில் வொங்வியன் யாய் என்று ஒரு சின்ன ஸ்டேஷன், பிளாட்பாரம் பாதி சாப்பாட்டுக் கடை. அங்கிருந்து மஹாச்சாய்க்கு டிக்கெட் 10 பாட். ஒரு மணி நேரத்தில் மஹாச்சாய் வரும், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, குறுக்கே தா சின் ஆறு. 1905 வாக்கில் மீனும் உப்பும் பாங்காக்குக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இது, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி அந்தப் பக்கம் ஒரு கம்பெனி என்று தொடங்கியதாம், அப்புறம் ஒன்றாகச் சேர்ந்தும் நடுவில் பாலம் மட்டும் வரவே இல்லை. ஆகவே ஸ்டேஷனை விட்டு மீன் மார்க்கெட் வழியாகப் படித்துறைக்கு நடந்து, சில்லறைக் காசுக்கு ஃபெர்ரியில் அக்கரை போய், அங்கே பத்து நிமிடம் நடந்தால் பான் லேம் ஸ்டேஷன். மறுபடி 10 பாட், மறுபடி ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு நாலே ரயில், 10.10 ரயிலை விட்டால் அடுத்தது மதியம் 1.30க்குத்தான், அதனால் வொங்வியன் யாயில் எட்டரை மணி வாக்கில் கிளம்பும் ரயிலையாவது பிடித்துவிடுங்கள். (நேரத்தைப் போகும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு இந்தப் பயணமே பிடித்துப்போயிற்று. ஏசி கிடையாது, மேலே மின்விசிறி, ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். செடிகொடி உள்ளே வந்து முகத்தில் அடிக்கும், கையை வெளியே நீட்டிவிடாதீர்கள். அப்புறம் உப்பளம், வெள்ளை வெளேரென்று.

மேக்லாங் நெருங்கும்போது ரயில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி மனித முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் ஒரு போன். ரயிலுக்குள் இருப்பவனுக்குச் சந்தையே தெரியாது, நாம்தான் காட்சிப் பொருள். அம்மா மட்டும் தேரில் வருகிற மாதிரி இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது முக்கியமான விஷயம். 11.10க்கு வந்த அதே ரயில் 11.30க்குத் திரும்பக் கிளம்புகிறது. இறங்கியதும் ஸ்டேஷன் பக்கமாக நிற்காமல், ஜூஸ் கடைகளைத் தாண்டி, சந்தையின் மறுகோடிப் பக்கம் நடந்துவிடுங்கள். அங்கே கூட்டம் பாதிகூட இல்லை. நாங்கள் ஒரு இறால் கடை ஓரமாக ஒண்டிக்கொண்டோம். அந்தக் கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். அறிவிப்பு வந்ததும் ஒரு கையால் பந்தல் கம்பைப் பிடித்து இழுத்தார், பந்தல் மடங்கியது. சக்கரம் வைத்த மேஜையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார், அதற்கென்றே சின்னதாகத் தண்டவாளம் மாதிரி போட்டிருக்கிறார்கள். ஆனால் தரையோடு தரையாக இருந்த தட்டுகளைத் தொடவே இல்லை. ரயில் பெட்டியின் விளிம்பு அந்த இறால் தட்டுக்கு மேலாகவே போயிற்று, நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் அந்த நேரத்தில் யாருக்கோ கொடுக்க வேண்டிய மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார், தலையைக் கூடத் தூக்கவில்லை. கடைசிப் பெட்டி நாலு கடை தள்ளிப் போவதற்குள் பந்தல் மறுபடி விரிந்துவிட்டது. வருவதும் போவதுமாகத் தினம் எட்டுத் தடவை. அலுத்துப்போகாதா பின்னே.

ரயில் போனதும் கொடி பிடித்த கைடுகள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த ரயில் 2.30க்கு. நடுவில் இருக்கிற அந்த மூன்று மணி நேரம்தான் சந்தை சந்தையாக இருக்கிறது, உள்ளூர்ப் பெண்கள் கூடையோடு வந்து பேரம் பேசுகிறார்கள். அம்மா ஒரு மீன் கடை முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து செவுளைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் தாய்லாந்து மொழி தெரியாது, ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா எல்லா மீனும் தலையைக் குனிஞ்சுகிட்டு கெடக்கு?" என்று அம்மா கேட்டபோதுதான் நானும் கவனித்தேன். பிளா தூ என்று இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மீன், நம்ம கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம். சின்ன வட்ட மூங்கில் கூடைக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை ஒடித்துத் தலையை மடக்கி அடுக்கி, கூடையோடு உப்புநீரில் வேகவைத்து விற்கிறார்கள். முகம் வளைந்து கழுத்து ஒடிந்தால்தான் அசல் மேக்லாங் மீன் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு.

சைவக்காரர்களுக்குப் பழம், இளநீர் தவிரப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் கனொம் க்ரொக் கண்ணில் பட்டால் விடாதீர்கள், குழி வைத்த சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடுவது, பார்த்தால் குழிப்பணியாரம், வாயில் வைத்தால் உள்ளே பாயசம் மாதிரி இளகி ஓடுகிறது. தரை ஈரம், மீன் நாற்றம், ஜல்லிக்கல். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால் வலி உள்ளவர்களை யோசித்துக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் வாட் பெட் சமுத் என்ற கோயிலில் நின்ற கோலத்தில் புத்தர் இருக்கிறார், வெயிலுக்கு ஒதுங்க நல்ல இடம். ஒட்டிப் பிறந்து உலகம் சுற்றி, சயாமிய இரட்டையர் என்ற சொல்லுக்கே காரணமான சாங், எங் சகோதரர்கள் 1811இல் பிறந்ததும் இந்த ஊர்தான், அவர்களுக்குச் சிலை இருக்கிறதாம், எங்களுக்கு நேரமில்லை.

சந்தைக்கு ஐந்துக்கு நாலரை. 11.10க்கு இருக்கிற நெரிசலுக்காக அரை குறைத்தேன். திரும்புவதற்கு ஸ்டேஷன் பக்கத்திலேயே பாங்காக் மினிவேன் கிடைக்கிறது, நூறு பாட்டுக்குள், சுமார் ஒன்றரை மணி நேரம். அம்மா இரண்டு கூடை பிளா தூ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வேனில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹோட்டல் லிஃப்டில் துரியன் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். மீனைப் பற்றி ஒன்றும் போடவில்லை.