கிளிப்பா, அலைனரா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல் சீரமைப்புக்குப் போகுமுன்

கிளிப் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "மெட்டலா, செராமிக்கா, கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனரா?" என்றுதான். எங்கள் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. பல் ஏன் கோணலானது என்பது முதலாவது. சிகிச்சைத் திட்டம் போடப்போவது யார் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயன் இல்லை.

தாடை சிறிதாகவும் பல் அகலமாகவும் அமைந்துவிட்டால் நெரிசல்தான். பெரும்பாலும் அது பரம்பரை, அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் நம் பக்கம் பார்க்கிற தெத்துப்பல்லில் கணிசமானவை கையாலே வரவழைத்துக்கொண்டவை. ஆறு வயதில் எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் பால் கடவாய்ப்பல் சொத்தையானால், "விழப்போற பல்தானே" என்று பிடுங்கியும் விடுகிறார்கள். பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தால் பின்னால் இருக்கும் ஆறு வயதுப் பல் முன்னுக்குச் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல் கோரைப்பல் முளைப்பது 11, 12 வயதில், ஏறக்குறையக் கடைசியாக. பந்தியில் பிந்தி வந்தவனுக்கு இலை இல்லாத கதைதான்: வரிசையில் இடமில்லாமல் ஈறுக்கு மேலே வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிடுங்கிய அன்றே ஒரு வளையமும் சிறு கம்பியும் வைத்து இடத்தைக் காத்திருந்தால் பல பிள்ளைகளுக்குக் கிளிப் வேலை குறைந்திருக்கும், சிலருக்குத் தேவையே வந்திருக்காது.

நாலைந்து வயது தாண்டியும் விரல் சூப்பினால் மேல்பல் எத்திக்கொண்டு வரும். மூக்கடைப்பால் வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், பிறகுதான் கிளிப். ஞானப்பல் முளைத்துத்தான் முன்பல் கோணியது என்பது ஊரெல்லாம் சொல்வது. அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, அதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். நாற்பதுக்கு மேல் முன்பல் திடீரென விலகினால் ஈறு நோயைச் சந்தேகியுங்கள். எலும்பு கரைந்த பல்லை, ஈறைச் சரிசெய்யாமல் கம்பி போட்டு இழுத்தால் பல்லே போய்விடும்.

இனி இடம். பி.டி.எஸ். ஐந்து வருடம், அதன் மேல் பல் சீரமைப்புக்கென்றே மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்தான் இந்த வேலைக்கான ஸ்பெஷலிஸ்ட். பெயர்ப்பலகையில் எம்.டி.எஸ். பக்கத்தில் 'ஆர்த்தோ' (ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்பு) என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

புதுச்சேரியில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம், பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரி. இந்த மாதிரிக் கல்லூரி மருத்துவமனைகளில் பணம் மிஞ்சும், நேரம் போகும். கிளிப் கட்டுவது முதுநிலை மாணவர், மேற்பார்வை பேராசிரியர். எக்ஸ்ரே, போட்டோ, அச்சு எல்லாம் ஒழுங்காக எடுத்து வைப்பார்கள், தனியார் கிளினிக்குகளில் எல்லோரும் இதைச் செய்வதில்லை. குறை ஒன்றுதான்: சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஓடும், கடைசி வருட மாணவரிடம் ஆரம்பித்தால் பாதியில் கை மாறும். சேரும்போதே "நீங்க எத்தனையாவது வருஷம்?" என்று கேட்டு, முதல் வருட மாணவரிடம் போய்ச் சேருவது புத்திசாலித்தனம்.

பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் போன்ற ஊர்களின் சிறு கிளினிக்குகளில் வேறு ஏற்பாடு. ஸ்பெஷலிஸ்ட் மாதத்தில் ஓரிரு நாள் வந்துபோவார். திட்டம் அவருடையதாக இருந்தால் இதில் தப்பொன்றும் இல்லை. நடுவில் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) கழன்றாலோ கம்பி கன்னத்தில் குத்தினாலோ யார் பார்ப்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயும், இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும் எடுக்காமல், உட்கார்ந்த அன்றே கிளிப் ஒட்டுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெட்டல் கிளிப்புக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. ஒட்டும் நாளில் நடப்பதைக் கவனித்தால் கையின் தரம் தெரியும். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி உலர்த்துவார்கள். உலர்ந்த இடம் சுண்ணாம்பு தடவியது மாதிரி வெளுக்க வேண்டும். அதன் மேல் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் அந்தப் படியைத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரத்தில் அப்படியே ஒட்டிய பிராக்கெட்தான் அடுத்த வாரம் கையோடு வருகிறது. "பசை சரியில்லை" என்று பசையைத் திட்டுவார்கள், பாவம் பசை.

முதலில் போடுவது 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பி. வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், போகிற வழியில் பல்லையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு படிப்படியாகத் தடிமன் கூடி, கடைசியில் செவ்வக ஸ்டீல் கம்பி. எத்துப்பல்லுக்காக நாலு சிறுகடவாய்ப்பல்லைப் பிடுங்கினால், ஒவ்வொரு இடமும் சுமார் 7 மில்லிமீட்டர் இருக்கும். மாதம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும், ஆகவே அந்த இடத்தை மூடவே ஆறேழு மாதம். "டைட்டா கட்டுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்காதீர்கள். அழுத்தம் அதிகமானால் வேரைச் சுற்றி ரத்த ஓட்டம் நசுங்கி, பல் நகராமல் நின்றுவிடும். வேர் நுனியும் கரையும்.

மேல், கீழ் வரிசைகளுக்கு இடையே வீட்டில் நாமே மாட்டிக்கொள்ளும் ரப்பர் வளையத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். சாப்பிடும் நேரம், பல் துலக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும். ராத்திரி மட்டும் போட்டால் முன்பல் பின்னால் போவதற்குப் பதில் கடவாய்ப்பல் முன்னால் வந்து, பல் பிடுங்கிய இடத்தைத் தின்றுவிடும். இழந்த இடத்தை மீட்பது பெரும்பாடு.

பொங்கலுக்குக் கரும்பைக் கடிப்பதை இரண்டு வருடம் மறந்துவிடுங்கள். முறுக்கு, தட்டை, புதுச்சேரி பேக்கரியின் மொறுமொறு பிரெஞ்சு ரொட்டி, எல்லாமே பிராக்கெட்டைப் பெயர்க்கும். ரொட்டியின் உள்பஞ்சை மட்டும் பிய்த்துச் சாப்பிடலாம். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், கழற்றும் அன்று ஒவ்வொரு பல்லிலும் ஒரு சதுர வெள்ளைத் தழும்பு தெரியும். ஃபுளூரைடு பேஸ்ட்டும் இடுக்குப் பிரஷ்ஷும் கட்டாயம்.

செராமிக் பார்வைக்கு நன்று. ஆனால் அதில் கம்பியைக் கட்டும் நிறமற்ற ரப்பர் நம் சாம்பாரின் மஞ்சளில் இரண்டே நாளில் பழுப்பேறும். மாற்றுவது அடுத்த விசிட்டில்தான். மேல்பல் ஆழமாக மூடும் கடி உள்ளவர்கள் கீழ்வரிசையில் செராமிக் போட்டால் அது மேல்பல்லைத் தேய்த்துவிடும், கீழே மெட்டலே போதும். ரப்பர் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும் பிராக்கெட் "வேகமாக முடியும்" என்று விற்கப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் மொத்தக் காலம் குறைந்ததாகத் தெரியவில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அலைனர் என்பது வரிசையாக மாற்றிப்போடும் தெளிந்த பிளாஸ்டிக் உறை. அமெரிக்காவில் இன்விசலைன் என்ற அலைனர் பிராண்டுக்கு அனுமதி கிடைத்தது 1998இல், இப்போது இந்திய நிறுவனங்களும் செய்கின்றன. ஒவ்வொரு உறையும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தினமும் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். லேசான நெரிசல், சிறு இடைவெளி, முன்பு கிளிப் போட்டுத் திரும்பக் கோணியது, இவற்றுக்கு அருமையானது. கோரைப்பல், சிறுகடவாய்ப்பல் போன்ற உருண்டைப் பல்லைத் திருப்புவதற்கும், பல் பிடுங்கிய இடத்தை வேர் சாயாமல் மூடுவதற்கும் இது தடுமாறும். அந்த மாதிரிக் கேஸில் "கூடுதல் உறை செட்" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேளுங்கள்.

உறையோடு சூடான காபி குடித்தாலும் வெந்நீரில் கழுவினாலும் வடிவம் கெடும். கல்யாணப் பந்தியில் கழற்றி இலை ஓரம் வைத்தால் இலையோடு மடிந்து போய்விடும், டப்பா பையிலேயே இருக்கட்டும். எக்ஸ்ரே இல்லாமல், மருத்துவர் நேரில் வாயைப் பார்க்காமல் தபாலில் வரும் செட் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

பிள்ளைகளை 7 வயதில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தால் தாமதிக்கவே கூடாது. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் கருவியாலேயே ஓரளவு சரிசெய்யலாம். வளர்ச்சி முடிந்தபின் தாடைக் கோளாறு பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான் வழி.

பணம் பேசும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல் அதற்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ரே, பல் பிடுங்குவது, கழன்ற பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டுவது, கிளிப் கழற்றுவது, பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர். கடைசியதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். கிளிப் கழற்றியதும் ஈறு நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும், அதனால் முதல் சில மாதம் நாள் முழுக்கவும் பிறகு இரவிலும் ரிட்டெய்னர் போட வேண்டும். கீழ் முன்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் மெல்லிய கம்பி இன்னும் பாதுகாப்பு. அச்சு எடுக்கும்போதே ரிட்டெய்னரில் இரண்டு செட் செய்துகொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.