நீர்மூழ்கிக் காட்சிக்காகவே பார்க்கலாம்

'மிஷன்: இம்பாசிபிள்' வரிசையில் எட்டாவது படம் 'தி ஃபைனல் ரெக்கனிங்' (2025). முதல் ஒரு மணி நேரம் வெறும் பேச்சு. உலகம் அழியப் போகிறது என்று ஒருவர் அடித்தொண்டையில் ஆரம்பிப்பார், இன்னொருவர் முடித்து வைப்பார். நடுநடுவே பழைய படங்களிலிருந்து துண்டுக் காட்சிகள் வேறு. 1996-இல் வந்த முதல் படத்திலிருந்து பார்ப்பவனுக்கு எதற்கு இத்தனை ஞாபகமூட்டல்? பக்கத்தில் மச்சான் தூங்கிவிட்டார். நான் சிங்கப்பூர் தியேட்டர்களில் திரைக்கு அடியில் ஓடும் சீன சப்டைட்டிலை வேடிக்கை பார்த்தேன்.

அப்புறம் டாம் குரூஸ் பேரிங் கடலில் இறங்குகிறார். அடியில் மூழ்கிக் கிடக்கும் 'செவஸ்தபோல்' என்ற ரஷ்ய நீர்மூழ்கிக்குள் நுழைகிறார். நான் இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஷிப்யார்டில் வேலை பார்க்கிறவன். கப்பல் டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் கேஸ் செக் பண்ணி, பெர்மிட் போட்டு, வாசலில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திய பிறகுதான் விடுவோம். இவர் தன்னந்தனியாகப் போகிறார்! உள்ளே தண்ணீர் இடம் மாற, கப்பல் மெல்ல உருள்கிறது. தரை சுவராகிறது, சுவர் கூரையாகிறது. டார்பிடோ என்ற நீரடிக் குண்டுகள் கழன்று அவர் மேலேயே சரிகின்றன. வசனமே கிடையாது, இரும்பு முனகுகிற சத்தம்தான். கடைசியில் டார்பிடோ குழாயில் சிக்கி, உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வருகிற இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மச்சானும் எழுந்துவிட்டார்.

எனக்கு இன்னொன்றும் பிடித்தது. முதல் படத்தில் சிஐஏ அறையில் கோட்டை விட்டதற்காக அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்கப்பட்ட டன்லோ என்ற அதிகாரியை நினைவிருக்கிறதா? அதே நடிகர் ரோல்ஃப் சாக்ஸன் திரும்ப வருகிறார். தூக்கியடிக்கப்பட்டவர் கறுவிக்கொண்டு இருப்பார் என்று பார்த்தால், அங்கே போனதால்தான் மனைவி கிடைத்தாள் என்கிறார். இந்த ஒரு ஞாபகமூட்டல் போதுமே, மற்றதையெல்லாம் வெட்டியிருக்கலாம்.

வில்லன் கேப்ரியலும் 'என்டிட்டி' என்ற செயற்கை நுண்ணறிவும் சுமார்தான். இறக்கையைப் பிடித்துத் தொங்கும் விமானச் சண்டையைத் தென்னாப்பிரிக்காவில் நிஜமாகவே பறந்து எடுத்திருக்கிறார்கள். வயிறு கலங்குகிறது, ஆனாலும் என் ஓட்டு நீர்மூழ்கிக்குத்தான்.

படம் கிட்டத்தட்ட 170 நிமிடம். கடைசி எம்ஆர்டி ரயிலை நம்பி ராத்திரி ஷோவுக்குப் போய்விடாதீர்கள், டாக்ஸிக்குத் தனியாக அழ வேண்டிவரும்.