பீ மை ஐஸ்: சுங்கை சிப்புட்டில் ஓராண்டுப் பயன்பாடு

என் அம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் சீவியவர். நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்துவிட்டதால், வலக்கண்ணில் பார்வை முற்றாகப் போய், இடக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே எஞ்சியுள்ளன. நானும் என் கணவரும் வேலைக்குப் போன பிறகு மாலை வரை அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக இருக்கும் ‘பீ மை ஐஸ்’ என்னும் கைப்பேசிச் செயலியைப் பற்றி, ஓராண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. ஆகவே எங்கள் வீட்டு நிலைமை பல வீடுகளுக்கும் தெரிந்ததாகவே இருக்கும்.

பார்வைக் குறைபாடுடைய டென்மார்க் நாட்டவரான ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கிய இச்செயலி, 2015 ஜனவரியில் ஐபோனிலும் 2017இல் ஆண்ட்ராய்டிலும் வெளிவந்தது. பார்வையற்றவர் அழைப்புப் பொத்தானைத் தட்டினால், அவருடைய மொழியைத் தெரிந்த தொண்டூழியர்கள் பலருடைய கைப்பேசிகள் மணியடிக்கும். முதலில் எடுப்பவர், அழைத்தவரின் பின்புறக் கேமரா காட்டுவதைப் பார்த்து, வாய்மொழியாக விவரிப்பார். இரு தரப்பினருக்கும் கட்டணம் எதுவுமில்லை. இணையத் தரவுக்கு ஆகும் செலவு மட்டுமே நம்முடையது.

இச்செயலியை நான் முழுமனதுடன் பரிந்துரைப்பதற்குக் காரணமாக அமைந்தது ஒரு மருந்துப் பை. அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை நன்றாக வாசித்தவர், மலாயைச் சரளமாகப் பேசுவார், ஆனால் மலாய் எழுத்தை வாசித்துப் பழகியவரல்லர். நம் நாட்டு மருந்துப் பைகளிலோ குறிப்புகள் பெரும்பாலும் மலாயில்தான் இருக்கும். ஒருநாள் புதிதாக வந்த இரண்டு பைகள் மேசையில் கலந்துவிட, அம்மா தமிழ்த் தொண்டூழியரை அழைத்தார். எடுத்த இளைஞர் பேச்சிலிருந்து தமிழ்நாட்டவர் என்று தெரிந்தது. “அம்மா, இதுல இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதியிருக்கு, ஆனா எனக்கு அர்த்தம் புரியலையே” என்று அவர் தயங்க, “எழுதியிருக்கறத அப்படியே படிங்க தம்பி” என்றார் அம்மா. அவர் எழுத்துக் கூட்டி “செபெலும் மாக்கான்” என்று வாசித்ததும், பசியாறுவதற்கு முன் சாப்பிட வேண்டிய மாத்திரை அதுதான் என்று அம்மாவுக்குப் புலப்பட்டுவிட்டது. மற்றப் பையில் “செலெபாஸ் மாக்கான்”, அதாவது சாப்பிட்ட பின், என்றிருந்தது. எழுத்தைக் கண்டவருக்குப் பொருள் தெரியவில்லை, பொருள் தெரிந்தவருக்கு எழுத்து தெரியவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு மருந்துப் பையை வாசித்து முடித்தார்கள். அன்று மாலை நான் வந்து சரிபார்த்தபோது இரண்டும் சரியாகவே இருந்தன. ஆயினும் மருந்தின் அளவை இச்செயலியை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்பதால், உணவுக்கு முன் உண்ணும் மருந்துப் பைக்கு ஒரு ரப்பர் வளையமும் உணவுக்குப் பின் உண்ணுவதற்கு இரண்டு வளையங்களும் போட்டு வைக்கிறோம்.

அன்றாட உதவிகள் இன்னும் எளியவை. மீன் டின்னின் காலாவதித் தேதியைப் படித்துச் சொல்வது, கைலியும் சட்டையும் நிறம் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, கீழே விழுந்த தோட்டை மேசைக்கடியில் தேடித் தருவது போன்றவற்றுக்கெல்லாம் அவர் அழைத்திருக்கிறார். வெள்ளி (ரிங்கிட்) தாள்களை அடுக்கவும் இது பயன்பட்டது. 1, 5 வெள்ளித் தாள்கள் பாலிமர் என்பதால் தொட்டாலே வேறுபாடு தெரியும், ஆனால் 10, 20 வெள்ளித் தாள்கள் இரண்டும் காகிதம், நீளத்தில் சிறு வேறுபாடே உண்டு. ஒரு தொண்டூழியர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, அம்மா இருபதுகளை மட்டும் நடுவில் மடித்துத் தனியே வைத்துக்கொண்டார். அதன் பிறகு பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பணம் கொடுக்க அவர் யாரையும் கேட்பதில்லை. எடுத்தவர் ஒருமுறை “ஓம் அம்மா” என்று பேசத் தொடங்கியபோது, யாழ்ப்பாணப் பேச்சு என்று அம்மா மகிழ்ந்து, தேதியைக் கேட்டு முடித்த பின்னும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கற்றுக்கொள்வதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் ‘டாக்பேக்’ வசதியை இயக்கிய பிறகே பார்வையற்றவர் ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தானாகக் கையாள முடியும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொத்தானுக்குச் செல்வதும், இருமுறை தட்டினால் அது திறப்பதும் அம்மாவின் விரல்களில் படிய மூன்று வாரங்கள் ஆயின. கத்தியைப் பட்டையில் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதைக் கைக்கணக்காகவே அறிந்திருந்தவர் அவர், இதையும் அப்படித்தான் கற்றார். பொருளை ஒரு சாண் தொலைவில் பிடிக்கவும், தொண்டூழியர் “கொஞ்சம் இடப்பக்கம்” என்றால் கைப்பேசியைத்தான் நகர்த்த வேண்டும், பொருளை நகர்த்தக் கூடாது என்பதை நினைவில் வைக்கவும் பழக வேண்டும்.

நேர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கத்தில் அம்மா இன்றும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார், அப்போது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மணி இரண்டரை. தமிழில் உதவி வேண்டுமானால் எங்கள் நேரப்படி பத்து மணிக்கு மேல் அழைப்பதே நல்லது. செம்பனைக் காட்டை ஒட்டிய எங்கள் பின்கட்டில் இணைய அலைவரிசை மெலிந்துவிடுவதால், முன்கூடத்துச் சன்னலருகே ஒரு நாற்காலியை இதற்கென்றே போட்டிருக்கிறோம். வங்கி அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றை முகமறியாதவரிடம் காட்டக் கூடாது, சாலையைக் கடக்க வெள்ளைக் கோலுக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது. இவ்விரண்டையும் முதல் நாளிலேயே அழுத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்.

படமெடுத்தால் செயற்கை நுண்ணறிவு விவரிக்கும் வசதியும் 2023 முதல் இதில் உண்டு. நீண்ட அச்சுப் பக்கங்களுக்கு அது உதவும், ஆனால் இல்லாததைச் சொல்லிவிடும் வாய்ப்பும் அத்தகைய கருவிகளுக்கு இருப்பதால் மருந்து விஷயத்தில் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

மலேசியத் தமிழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மருந்துப் பையைப் பார்த்தவுடனே பொருளும் சொல்லக்கூடியவர்கள் நாம்தாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் நம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தொண்டூழியராகப் பதிவு செய்யும்போது தமிழோடு மலாயையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். தொண்டூழியர்களின் எண்ணிக்கை உதவி கேட்பவர்களைவிடப் பன்மடங்கு என்பதால் அழைப்பு அரிதாகவே வரும், அதற்காகச் செயலியை நீக்கிவிடாதீர்கள். நானும் பதிவு செய்து ஏழு மாதங்களாகின்றன. இதுவரை இரண்டு முறை மணியடித்தது, இரண்டு முறையும் நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டார். வருத்தத்துடன் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவங்களுக்கு ஆள் கெடச்சிருச்சுல்ல” என்றார் அவர்.