காலைக் கூட்டமா, லிங்க்ட்இன்னா?

புதிதாகத் தொழில் தொடங்கியவர் வாடிக்கையாளர்களைப் பிடிக்க இரண்டு வழி. 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ என்ற அமைப்பில், ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கத் தொழில் செய்பவர்கள் வாரந்தோறும் கூடுவார்கள், பெரும்பாலும் காலையிலேயே. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஆடிட்டர் ஒருவர் இருந்தால் இன்னொரு ஆடிட்டருக்கு இடமில்லை. சந்தா உண்டு; அடிக்கடி மட்டம் போட்டால் இடமே பறிபோகலாம். அந்தக் கெடுபிடிதான் என்னைப் போன்ற சோம்பேறியையும் எழுப்பி உட்கார வைக்கிறது.

2003-இல் வந்த லிங்க்ட்இன் என்ற தொழில்முறைச் சமூக வலைத்தளத்தில் அடிப்படைக் கணக்கு இலவசம். வெளிநாட்டு வாடிக்கையாளரும் கிடைப்பார். ஆனால் பத்து நாள் எட்டிப் பார்க்காவிட்டாலும் கேட்க நாதியில்லை.

கேட்டரிங், இன்டீரியர் போன்ற உள்ளூர்த் தொழிலுக்கு முதலாவதுதான் சரி. மென்பொருள் ஏற்றுமதி என்றால் காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.