தேதி தெரியாமல் ஆர்டர் கொடுத்த கல்யாணப் பாய்: பத்து வருஷம் தாண்டிய அனுபவம்

பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்து போட்ட பத்தமடைக் கோரைப் பாயைக் கல்யாணத்துக்கு வாங்கி, சடங்கு முடிந்ததும் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல் ஏற்றிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் அப்படி வைக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அதில்தான் உட்காருகிறோம், படுக்கிறோம், தாயம் விளையாடுகிறோம். பிள்ளை குப்புற விழுந்து பழகியதும் அதில்தான். பத்து வருஷத்துக்கு மேல் புழங்கிய பாய் இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பாய் ஆர்டர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் எது வாங்கினோம் என்பது. பத்தமடையில் சாதாரணப் பாயும் உண்டு, நைஸ் ரகமும் உண்டு. கையில் தொட்டாலே வித்தியாசம் தெரியும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறுவார்கள். நைஸ் ரகத்துக்கு அந்தக் கீறல் தலைமுடியோடு போட்டி போடும் அளவுக்குப் போகும். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், பருத்தியிலும் உண்டு, பட்டிலும் உண்டு. நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கே நெய்த பாய் போனது என்பது ஊர்ப் பெருமை. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாங்கள் எடுத்தது பருத்திப் பாவு போட்ட நைஸ் பாய். பட்டுப் பாவு வேண்டாம் என்று அந்த நெசவுக்கார அக்காவே சொன்னார்: "தெனமும் புழங்கணும்னா பருத்திதான் நிக்கும்."

அந்த ஆர்டர் கொடுத்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தப் பாயின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

நான் வீரவநல்லூரில் ஏறுவேன், இவுக அம்பாசமுத்திரத்திலிருந்தே வருவாங்க. காலையில் திருநெல்வேலி வேலைக்குப் போகிற பஸ் சிநேகம். சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல் என்று ஊர் ஊராக நின்று போகிற பஸ்ஸில் பேச நேரம் நிறைய. ஒரு சனிக்கிழமை, "கூட்டாளி கல்யாணத்துக்குப் பாய் ஒண்ணு ஆர்டர் குடுக்கணும், எனக்கு டிசைன் பாக்கத் தெரியாது, கூட வாரியளா?" என்று கேட்டாங்க. போனேன். பத்தமடையில் ஒரு வீட்டு முன்அறையில் தரையை ஒட்டித் தறி. ரெண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் விட, இன்னொருத்தர் அச்சை இழுத்து நெருக்கிக்கொண்டிருந்தார். நான் கரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை, சிவப்பு, கறுப்பு.

"பேரு எழுதிக் குடுங்க தம்பி" என்று அக்கா கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் நீட்டினார். இவுக தன் பேரை எழுதினாங்க. எனக்குப் புரியவில்லை, கூட்டாளிக்கும் அதே பேரோ என்று நினைத்தேன். பென்சில் என் பக்கம் வந்தது.

"பொண்ணு பேரை நீங்க எழுதுங்க."

"பொண்ணு யாருன்னு சொன்னாத்தான எழுத முடியும்?"

"எழுதுறவுகதான் பொண்ணு."

தறிச் சத்தம் நின்றுவிட்டது. ரெண்டு அக்காவும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இவுக முகத்தில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் கை வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருக்கிறது. நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, பச்சைக் கரை வேண்டாம், செவப்பு போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டமாக என் பேரை நிரப்பினேன். அக்கா சிரித்துக்கொண்டே, "தேதி?" என்றார்.

"அதை மாமாகிட்ட கேட்டுட்டு வாரேன்" என்றாங்க இவுக. எங்க அப்பாவை மாமா என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. "தறி ஏத்துறதுக்குள்ள கேட்டுட்டு வாங்க தம்பி, எடம் விட்டு நெய்ய முடியாது" என்று அக்கா போட்ட கெடுதான் எங்கள் கல்யாணத்தைச் சீக்கிரம் பேசி முடிக்க வைத்தது. அடுத்த வாரமே அவுக அம்மாவும் அப்பாவும் பூவும் பழமுமாக எங்க வீட்டு வாசலில் நின்றார்கள். தேதி முடிவானதும் முதல் போன் பத்தமடைக்குத்தான்.

இனி பாய்க்கு வருகிறேன். பேர் எங்கே வர வேண்டும் என்பதை யோசித்துச் சொல்லுங்கள், இது முக்கியம். பலர் நடுவில் போடச் சொல்கிறார்கள். படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் பேர் மேல் யாரும் உட்கார மாட்டார்கள், கால் வைக்க மாட்டார்கள். அப்புறம் பாய் பீரோ மேல்தான். எங்களுக்கு அக்கா தலைமாட்டுக் கரையை ஒட்டி ஒரே வரியில் போட்டுக் கொடுத்தார். அதனால் எங்க ஆச்சிகூட, "பேரு தலப்பக்கம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாராளமாகப் படுத்துக்கொள்வாள். இன்னொன்று, தமிழ் எழுத்தில் போடுகிறபோது வளைவுகள் படிப்படியாக விழும். சின்ன அளவில் போட்டால் ண, ன எல்லாம் ஒன்றாகத் தெரியும். பெரிதாகவே கேளுங்கள்.

புழக்கத்தில் எப்படி? வெயில் காலத்துக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. அக்னி நட்சத்திரத்தில் மெத்தை கொதிக்கும், பாய் கொதிக்காது. கரண்ட் போகிற ராத்திரிகளில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போவோம். தாயக்கட்டை உருட்டித் தோற்கிறவர் மறுநாள் காலை காப்பி போட வேண்டும் என்பது கல்யாணமான முதல் மாசத்திலிருந்து ஒப்பந்தம். நான் ஜெயிக்கிற நாளில் இவுக போடுகிற காப்பிக்கு ருசி அதிகம். டவுனில் இருட்டுக்கடை அல்வா வாங்கி வந்து இலையோடு பாயில் வைத்துச் சாப்பிட்டதில் நெய் சொட்டி ஒரு கறை விழுந்தது. கடலை மாவைத் தூவி, ஊறவைத்து, உலர்ந்த துணியால் துடைத்தோம். பிசுக்கு போய்விட்டது, லேசான நிழல் மட்டும் நிற்கிறது. அந்த இடத்தை இவுக "அல்வாத்துண்டு" என்பாங்க.

ஐப்பசியில் நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாணத்துக்குத் தவறாமல் போவோம். காந்திமதி அம்மன் கம்பை நதி மண்டபத்தில் தவம் இருந்து, சுவாமி காட்சி கொடுத்து, பிறகு நெல்லை கோவிந்தர் தாரை வார்த்துக் கொடுக்க நடக்கிற கல்யாணம். வீட்டுக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்ததும் இவுக சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டுவாங்க. "பொண்ணு பேரு?" நான் ஒவ்வொரு தடவையும் புதுப் பேர் ஏதாவது சொல்வேன், இவுக முகத்தைச் சுளிப்பாங்க. பிள்ளைக்கு விவரம் தெரிந்த பிறகு அவளே முந்திக்கொண்டு, "எங்கம்மா பேரு!" என்று கத்துகிறாள். இதற்காகவே ஐப்பசி எப்போது வரும் என்று இருக்கும்.

பாய்க்கு வந்த உண்மையான சோதனை 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது நாங்கள் ஆற்றை ஒட்டிய தெருவில் கீழ்வீட்டில் இருந்தோம். பிள்ளையையும் சர்டிபிகேட் பையையும் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறினோம், மற்றது அத்தனையும் கீழேயே கிடந்தது. தண்ணீர் வடிந்து இறங்கிப் பார்த்தபோது மெத்தை ரெண்டும் சேறு குடித்துக் கனத்துக் கிடந்தன, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பாய் சுருட்டினபடி கதவு மூலையில் சாய்ந்திருந்தது. இவுக ஒன்றும் பேசாமல் அதை மாடிக்குக் கொண்டுபோய் விரித்தாங்க. நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, கையாலேயே சேற்றை வழித்தாங்க. பிரஷ் போடவில்லை. சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்கித் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "பேரு இருக்கு பாரு" என்றாங்க. இருந்தது. என் பேரில் கடைசி எழுத்து மட்டும் மங்கல்.

நிழலில், காற்று வரும் இடத்தில், புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். நல்ல வெயிலில் போட்டால் கோரை முறுகி ஒடியும். ஒரு ஓரத்தில் பூஞ்சைப் புள்ளி வந்தது, உலர்ந்த துணியால் தட்டித் தட்டி எடுத்தோம், பழுப்பு அடையாளம் நிரந்தரம். நெசவு எங்கேயும் விடவில்லை. வெள்ளத்தில் ஊறி எழுந்த பாய் இன்றைக்கும் பிள்ளை உருண்டு புரளத் தாங்குகிறது என்றால் அது அந்த ரெண்டு அக்காக்களின் கைவேலை.

இப்போதைய நிலைமை: உட்கார்ந்து எழுந்து நடுப்பகுதி வழவழப்பாகி, புதுசில் இருந்ததைவிடப் படுக்க சுகமாக இருக்கிறது. நிறம் தேன் பழுப்புக்கு மாறியிருக்கிறது. கரைத் துணி ஒரு தடவை மாற்றியாயிற்று, கால்மாட்டில் ரெண்டாவது தடவை பிரியத் தொடங்கியிருக்கிறது. நைஸ் பாயை வேட்டி மாதிரி மடிக்கலாம் என்று கடையில் மடித்துக் காட்டுவார்கள். மடிக்க முடியும்தான், ஆனால் அதே மடிப்பில் நாள்பட வைத்தால் கோடு விழுந்து அங்கே முதலில் ஒடியும். சுருட்டி, நிற்கவைக்காமல் படுக்கவைப்பது நல்லது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது விரித்துக் காற்றுக் காட்ட வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள், தரையில் உட்கார்ந்து பழகாதவர்கள் வாங்கினால் புழங்க மாட்டார்கள், அவர்களுக்கு இந்தக் காசு வேண்டாம்.

விலை சாதாரணப் பாயைப் போலப் பல மடங்கு. பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை, ரெண்டு பேர் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்த வேலை அது. கல்யாணத்துக்கு ரெண்டு மாசமாவது முன்னால் சொல்லிவிடுங்கள், மழைக்காலம் என்றால் இன்னும் முன்னால். தறி இருக்கிற வீட்டுக்கே நேரில் போய், கரை நிறத்தையும் எழுத்தின் அளவையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் ரெண்டு பேருமாகப் போங்கள், ஆளுக்கொரு பேரை எழுதிக் கொடுங்கள்.