ஆற்றங்கரையை மீட்க: ஒருமுறை மானியமா, ஆண்டுத் தொகையா?

ஆற்றங்கரையிலோ கழிமுகத்தின் ஓரத்திலோ நிலம் வைத்திருப்பவர் கரையைச் சீரமைக்க முன்வந்தால், உதவி பெரும்பாலும் இரண்டு விதமாக வரும்.

ஒருமுறை மானியம் வேலை தொடங்கக் கை கொடுக்கும். வேலி, நாற்று, மாடுகள் ஆற்றில் இறங்காமல் இருக்கத் தனித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் முதல் வருடச் செலவுகள். ஆனால் சில திட்டங்களில் வேலை முடித்து ரசீது காட்டிய பிறகே பணம் வரும். கையிருப்பு இல்லாதவருக்கு அது பெரிய சுமை.

ஆண்டுத் தொகை, கரையோர விளைச்சலை விட்டுக்கொடுப்பதற்கான ஈடு. அமெரிக்காவில் 1985இல் சட்டமான நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுகள். இந்த நீளம்தான் முக்கியம். நட்ட கன்றுகளுக்கு முதல் சில வருடங்களே கண்டம்: களை மூடும், வெள்ளம் வேரோடு பிடுங்கும், அடித்து வந்த சருகும் கிளையும் வேலிக் கம்பியைச் சாய்த்துவிடும். அலையாத்தி நாற்றுகளும் அப்படித்தான். மறுபடி நட வேண்டிய நேரத்தில் மானியம் தீர்ந்திருக்கும்.

வேலி போட்டாலே தானாக முளைக்கும் கரைக்கு மானியம் போதும். அரித்து, களை மண்டிய கரை என்றால் ஆண்டுத் தொகையையே கேளுங்கள். அப்புறம், வெள்ளத்தில் நட்டது போனால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.